தாடை மூட்டு வலி: கொல்லிமலை முடவாட்டுக்கால் சூப் குடிச்சா சரியாயிடுமா? எந்த வலி பொறுக்கலாம், எது பொறுக்கக் கூடாது?

கொல்லிமலைக்குப் போய் வருகிறவர்களின் பையில் மிளகு, மலை வாழைப்பழத்துடன் இன்னொரு பொருளும் கட்டாயம் இருக்கும். பழுப்பு நிற ரோமம் மூடிய, பார்ப்பதற்கு ஆட்டுக்கால் மாதிரியே இருக்கும் முடவாட்டுக்கால் கிழங்கு. சோளக்காடு சந்தையிலும் அறப்பளீஸ்வரர் கோயில் பக்கத்திலும் இதைக் குவித்து வைத்து விற்கிறார்கள். சூப்பாகவும் டம்ளரில் சுடச்சுடக் கிடைக்கிறது. "மூட்டு வலி எதுவா இருந்தாலும் இது கேக்கும்" என்பதுதான் அங்கே வழக்கமான விற்பனைப் பேச்சு.

மூட்டு என்றதும் முழங்கால், இடுப்பு, தோள்பட்டை இவைதான் ஞாபகத்துக்கு வரும். பேச, மெல்ல, கொட்டாவி விட, எச்சில் விழுங்க என்று நாள் முழுக்க ஓயாமல் வேலை செய்யும் தாடை மூட்டு நினைவுக்கு வருவதே இல்லை. அது வலிக்க ஆரம்பித்தாலும் "காது வலி" என்றோ "பல் வலி" என்றோதான் முதலில் நினைக்கிறோம். அந்த வலிக்கும் இந்த சூப் கேட்குமா? கேட்காது என்றால் என்ன செய்வது?

இந்தக் கேள்வி மலையில் இருப்பவர்களுக்கு இன்னும் முக்கியம். செம்மேட்டில் இருந்து நாமக்கல் போக 70 கொண்டை ஊசி வளைவுகளை இறங்க வேண்டும். சுமார் 50 கிலோமீட்டர் பயணம், ஒரு நாள் கூலி போய்விடும். எந்த வலியை வீட்டிலேயே பார்த்துக்கொள்ளலாம், எதற்கு அன்றைக்கே கீழே இறங்க வேண்டும் என்று தெரிந்தால்தான் அலைச்சலும் மிச்சம், ஆபத்தும் இல்லை.

தாடை மூட்டு எங்கே இருக்கிறது?

காதுத் துவாரத்துக்கு நேர் முன்னால், கன்னத்தில் ஆள்காட்டி விரலை வைத்து வாயைத் திறந்து மூடிப் பாருங்கள். விரலுக்கு அடியில் ஏதோ உருண்டு நகர்வது தெரியும். அதுதான் தாடை மூட்டு. மருத்துவர்கள் சுருக்கமாக டி.எம்.ஜே. என்பார்கள். கீழ்த்தாடை எலும்பின் குமிழ் போன்ற முனை, மண்டையோட்டின் பொட்டெலும்பில் உள்ள குழியில் உட்காரும் இடம் இது.

கதவுக் கீல் மாதிரி ஒரே வேலை செய்யும் மூட்டு இல்லை இது. வாயைக் கொஞ்சமாகத் திறக்கும்போது கீல் போலச் சுழலும். அகலமாகத் திறக்கும்போது குழியை விட்டு முன்பக்கமாகச் சறுக்கி வரும். இரண்டு எலும்புக்கும் நடுவில் மெத்தை போல ஒரு நார்த்தட்டு இருக்கிறது. எலும்பு நகரும்போது அதுவும் கூடவே நகர வேண்டும். வலது, இடது இரண்டு மூட்டும் ஒரே எலும்பால் இணைந்திருப்பதால் ஒன்று தனியாக ஓய்வெடுக்கவும் முடியாது. ஒரு பக்கம் வலித்தால் மறுபக்கம் சேர்த்து இழுக்கும்.

கன்னத்தில் இருக்கும் மெல்லும் தசையும் பொட்டில் விசிறி போல விரிந்திருக்கும் தசையும்தான் இந்த மூட்டை இயக்குகின்றன. பல்லைக் கடித்தால் பொட்டு புடைப்பது இதனால்தான். தாடை மூட்டு வலி என்று வருகிறவர்களில் பலருக்கு மூட்டுக்குள் பெரிதாக ஒன்றும் இருக்காது. தசைதான் சோர்ந்து இறுகிப் போயிருக்கும். காலையில் எழுந்ததும் தலைவலி, கன்னம் கனம், வாய் திறக்க மக்கர் என்று சொல்பவர்கள் பெரும்பாலும் இந்த வகை.

"டக் டக்"னு சத்தம் வந்தா ஆபத்தா?

இல்லை. சாப்பிடும்போது சொடக்கு போடுவது போலச் சத்தம் வருவது பலருக்கும் உண்டு. நடுவில் உள்ள தட்டு கொஞ்சம் முன்னால் நழுவி, வாய் திறக்கும்போது மறுபடி இடத்தில் வந்து உட்காரும் சத்தம் அது. வலி இல்லை, வாய் நன்றாகத் திறக்கிறது என்றால் அதற்கு எந்த சிகிச்சையும் வேண்டாம். சத்தத்தை மட்டும் நிறுத்துவதற்காக யாராவது செலவு வைத்தால் யோசிக்கணும்.

இத்தனை நாள் வந்த சத்தம் திடீரென்று நின்று, கூடவே வாயும் பாதிக்கு மேல் திறக்கவில்லை என்றால் கதை வேறு. தட்டு முன்னாலேயே மாட்டிக்கொண்டு எலும்புக்கு வழி விடவில்லை என்று அர்த்தம். இதற்கு சீக்கிரம் மருத்துவரைப் பார்ப்பது நல்லது.

வாய் எவ்வளவு திறக்க வேண்டும் என்று அளக்கக் கருவி எதுவும் வேண்டாம். உங்கள் கையின் ஆள்காட்டி விரல், நடுவிரல், மோதிர விரல் மூன்றையும் சேர்த்து, ஒன்றன் மேல் ஒன்றாக முன்பற்களுக்கு நடுவில் வைத்துப் பாருங்கள். மூன்றும் நுழைந்தால் சரி. பெரியவர்களுக்கு இது ஏறக்குறைய 40 முதல் 50 மில்லிமீட்டர். இரண்டு விரல்தான் நுழைகிறது என்றால் கவனிக்க வேண்டும். இந்த மூன்று விரல் கணக்கை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் இது தேவைப்படும்.

ஏன் வருகிறது?

அமெரிக்க தேசியப் பல் ஆய்வு நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி மக்களில் 5 முதல் 12 சதவீதம் பேருக்கு இந்தப் பிரச்சினை இருக்கிறது. ஆண்களை விடப் பெண்களுக்கு அதிகம். முழங்கால் தேய்மானம் போல வயதானவர்களுக்குத்தான் வரும் என்று நினைக்க வேண்டாம். 20 முதல் 40 வயதுக்குள்தான் நிறைய பேர் இதோடு வருகிறார்கள்.

ஒரே காரணம் என்று எதையும் சுட்டிக்காட்ட முடியாது. தூக்கத்தில் பல்லை நறநறவென்று கடிப்பது, பகலிலேயே கவலையில் தெரியாமல் பல்லை இறுக்கிக்கொண்டிருப்பது, தாடையில் அடிபட்டது, பல் சிகிச்சைக்காக நெடுநேரம் வாயைத் திறந்தே வைத்திருந்தது, வாதநோய், சரியான தூக்கமின்மை எல்லாம் சேர்ந்து வரலாம். ஒரு பக்கம் கடவாய்ப்பல் சொத்தை என்று வருஷக்கணக்கில் மறுபக்கத்திலேயே மெல்லுகிறவர்கள் உண்டு. அந்தச் சொத்தையை சரிசெய்யாமல் தாடைக்கு மட்டும் மருந்து தேடிப் பயனில்லை.

வளைவில் பஸ் திரும்பும்போது உங்கள் பற்கள் என்ன செய்கின்றன என்று அடுத்த முறை கவனியுங்கள். கம்பியை இறுக்கிப் பிடிக்கும் அதே நேரம் பல்லும் இறுகியிருக்கும். பல்லைக் கடிக்கும் பழக்கம் இப்படித்தான், நமக்கே தெரியாமல் நடக்கிறது.

சரி, சூப் என்ன செய்யும்?

முடவாட்டுக்கால் உண்மையில் கிழங்கு இல்லை. பாறையிலும் மரத்திலும் ஒட்டி வளரும் ஒரு பெரணிச் செடியின் தண்டு. தோலைச் சீவி, துண்டு போட்டு, மிளகு, சீரகம், பூண்டு, சின்ன வெங்காயத்தோடு கொதிக்க வைத்தால் சூப். இதன் சாறுக்கு வீக்கத்தையும் வலியையும் குறைக்கும் தன்மை இருப்பதாக எலிகளிடம் நடத்திய ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ஆகவே மலைமக்களின் அனுபவ அறிவை வெறும் கதை என்று ஒதுக்கிவிட முடியாது.

ஆனால் ஆய்வகத்தில் எலிக்குக் கொடுத்த சாறு வேறு, டம்ளர் சூப் வேறு. எவ்வளவு குடித்தால், எத்தனை நாள் குடித்தால், யாருக்குக் கேட்கும் என்ற அளவு சூப்பில் இல்லை. தாடை மூட்டுக்கான மருத்துவ வழிகாட்டுதல்களில் இதற்கு இடமும் இல்லை. பிடித்தால் குடிக்கலாம். மெல்லாமல் சாப்பிடும் உணவு என்ற வகையில் வலிக்கிற தாடைக்கு அது ஓய்வும் கூட. கர்ப்பிணிகள், சிறுநீரகப் பிரச்சினை உள்ளவர்கள், தினமும் மாத்திரை எடுப்பவர்கள் மருத்துவரிடம் கேட்டுவிட்டுக் குடிப்பது நல்லது. சூப் குடிக்கிறோமே என்று மற்றதை எல்லாம் தள்ளிப்போடுவதுதான் தப்பு.

வீட்டிலேயே என்ன செய்யலாம்?

இதில் நல்ல செய்தி இருக்கிறது. பெரும்பாலானவர்களுக்கு இந்த வலி சில வாரங்களில் தானாகவே, அல்லது எளிய கவனிப்பிலேயே தணிந்துவிடும்.

முதலில் பல்லைப் பிரித்து வைக்கப் பழக வேண்டும். ஓய்வாக இருக்கும்போது மேல்பல்லும் கீழ்ப்பல்லும் ஒன்றையொன்று தொடவே கூடாது என்பது பலருக்குத் தெரியாது. மெல்லும்போதும் விழுங்கும்போதும் தொட்டால் போதும். "ன்" என்று சொல்லிப் பாருங்கள், நாக்கு நுனி மேல்பல்லுக்குப் பின்னால் ஈறு மேட்டைத் தொடும். நாக்கை அங்கேயே விட்டுவிட்டு, உதட்டை மட்டும் மூடிக்கொள்ளுங்கள். பல் தானாகப் பிரிந்து நிற்கும். இதுதான் தாடையின் ஓய்வு நிலை. செல்போனைப் பார்க்கும்போதெல்லாம் ஒரு தடவை இதைச் சரிபார்த்துக்கொண்டால் ஒரு வாரத்தில் பழகிவிடும். சுலபமாகத் தெரிந்தாலும் பல பேருக்கு மாத்திரையை விட இதுதான் கைகொடுக்கிறது.

அடுத்து ஒத்தடம். வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துணியைக் காதுக்கு முன்னாலும் கன்னத்திலும் 15 நிமிடம், ஒரு நாளைக்கு இரண்டு மூன்று வேளை வைக்கலாம். தோல் சுடாத சூடு போதும். அடிபட்டு வந்த வலி என்றால் முதல் இரண்டு நாள் துணியில் சுற்றிய ஐஸ். ஒத்தடத்துக்குப் பிறகு, இரண்டு விரலால் கன்னத்துத் தசையை வட்டமாக மெதுவாகத் தேய்த்துவிடலாம். அழுத்தித் தேய்க்கக் கூடாது.

சாப்பாட்டில் இரண்டு வாரத்துக்கு முறுக்கு, சீடை, கரும்பு, வறுத்த கடலை, எலும்புக் கறி, சூயிங்கம் எல்லாவற்றுக்கும் லீவு. குழைய வேகவைத்த சாமைச் சோறு, இட்லி, பருப்பு, முட்டை, கனிந்த வாழைப்பழம் சாப்பிடலாம். கேழ்வரகுக் களியை யாரும் மெல்லுவதில்லை, உருட்டிக் குழம்பில் தோய்த்து விழுங்குவதுதான் வழக்கம். வலிக்கிற தாடைக்கு இதை விடப் பொருத்தமான சாப்பாடு கிடைப்பது கஷ்டம். பலாச்சுளை ஆசை விடவில்லை என்றால் சின்னச் சின்னதாக நறுக்கிச் சாப்பிடலாம்.

கொட்டாவி வரும்போது தாடைக்குக் கீழே கையை முட்டுக் கொடுங்கள், வாய் அளவுக்கு மீறித் திறக்காது. குப்புறப் படுப்பதையும், கன்னத்துக்குக் கீழே கையை மடித்து வைத்துத் தூங்குவதையும் விட்டுவிடலாம்.

பயிற்சி வலி சற்றுத் தணிந்த பிறகுதான். கண்ணாடி முன் நின்று, நாக்கு நுனியை அந்த "ன்" இடத்திலேயே வைத்துக்கொண்டு வாயை மெதுவாகத் திறக்க வேண்டும். நாக்கு விலகாத அளவுக்குத் திறந்தால் போதும். தாடை ஒரு பக்கம் கோணாமல் நேராக இறங்குகிறதா என்று பார்த்துக்கொண்டே மூட வேண்டும். ஆறு தடவை, ஒரு நாளைக்கு நான்கைந்து வேளை. செய்யும்போது லேசாக இழுப்பது போல இருக்கலாம். சுருக்கென்று வலித்தால் அன்றைக்கு நிறுத்திவிடுங்கள்.

மாத்திரை தேவைப்பட்டால் பாரசிட்டமால் அளவோடு போடலாம். ஐபுப்ரோஃபென் வகை மாத்திரைகள் வீக்கத்துக்குக் கேட்கும், ஆனால் வயிற்றுப் புண், சிறுநீரகக் கோளாறு, இதயநோய் உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் மெடிக்கல் கடையில் தாங்களாக வாங்கிப் போடக் கூடாது. இந்த வலிக்கு ஆன்டிபயாடிக் தேவையே இல்லை.

மருத்துவரிடம் போனால் எதைக் கேட்பது?

மூன்று மாதத்துக்கு மேல் நீடிக்கும் தாடை மூட்டு வலிக்கு 2023 டிசம்பரில் பி.எம்.ஜே. மருத்துவ இதழ் ஒரு சர்வதேச வழிகாட்டுதலை வெளியிட்டது. அதில் உறுதியாகப் பரிந்துரைக்கப்பட்டவை எல்லாமே கத்தி வைக்காத வழிகள். பிசியோதெரபிஸ்ட் மேற்பார்வையில் தாடைப் பயிற்சி, கழுத்தையும் தோளையும் நிமிர்த்தும் பயிற்சி, கையால் மூட்டை அசைத்துத் தளர்த்துவது, வலி பற்றிய பயத்தையும் பழக்கத்தையும் மாற்றும் மனநல ஆலோசனை, வீட்டுப் பயிற்சியோடு நோயாளிக்கு விளக்கமும் தைரியமும் சொல்வது. ஆமாம், "பயப்படாதீங்க, இது சரியாகும்" என்று சொல்வதும் அந்தப் பட்டியலில் இருக்கிறது.

பல பல் கிளினிக்குகளில் முதலில் கொடுக்கப்படும் நைட் கார்டு எனும் பல் கவசம், போட்டாக்ஸ் ஊசி, மூட்டைக் கழுவும் சிகிச்சை ஆகியவற்றை வழக்கமாகச் செய்ய வேண்டாம் என்ற பக்கமே அந்தக் குழு சாய்ந்தது. பல் தேய்வதைத் தடுக்க நைட் கார்டு உதவலாம், அது வேறு விஷயம். நடுத்தட்டை வெட்டி எடுக்கும் அறுவை சிகிச்சைக்கும், கடிக்கும் அமைப்பையே நிரந்தரமாக மாற்றிவிடும் கவசங்களுக்கும் எதிராக உறுதியாகவே சொல்லியிருக்கிறது.

அவசரப்பட்டதற்கு உலகம் ஏற்கெனவே விலை கொடுத்திருக்கிறது. 1980-களில் அமெரிக்காவில் தாடை மூட்டின் தட்டை எடுத்துவிட்டு டெஃப்லான் கலந்த செயற்கைத் தட்டு பொருத்தினார்கள். அது உள்ளே நொறுங்கி, சுற்றியிருந்த எலும்பையே அரித்தது. 1990-களின் தொடக்கத்தில் அவை சந்தையில் இருந்து திரும்பப் பெறப்பட்டன, பொருத்திக்கொண்டவர்களில் பலருக்கு வலி முன்பை விட மோசமானது. காதுக்கு முன்னால் வலி என்றதும் நல்ல கடவாய்ப்பல்லைப் பிடுங்கச் சொன்னால், இன்னொரு மருத்துவரிடமும் கேட்டுவிடுங்கள்.

வாய் கொஞ்சம் கொஞ்சமா மூடிக்கிட்டே வருதா? அது மூட்டு இல்லை, பாக்கு

மலையடிவாரத்தைத் தாண்டினால் நாமக்கல் மாவட்டத்தின் பரமத்தி வேலூர் வெற்றிலைக்குப் பெயர் பெற்றது. விருந்து, விசேஷம், வயல் வேலை எல்லாவற்றிலும் வெற்றிலை பாக்கு உண்டு. இதில் பிரச்சினை பாக்குதான். அதில் உள்ள அரிகோலின் என்ற பொருள் கன்னத்தின் உட்புறச் சதையை நாராக இறுக்கிவிடுகிறது. புகையிலை சேராத வெறும் பாக்கும், பாக்கெட்டில் வரும் சீவல் வகைகளும் கூட இதைச் செய்யும். உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004-லேயே பாக்கைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருட்களின் முதல் வகையில் சேர்த்துவிட்டது.

மூட்டு வலிக்கும் இதற்கும் வித்தியாசம் தெரியும். மூட்டு என்றால் காதுக்கு முன்னால் வலிக்கும், சத்தம் வரும், ஒரு நாள் அதிகம் ஒரு நாள் குறைவு என்று இருக்கும். பாக்கினால் வருவதில் மூட்டு வலிப்பதில்லை. காரம் பட்டால் வாய் எரியும், கன்னத்தின் உள்பக்கம் வெளுத்து, தொட்டால் கயிறு போல இறுகியிருக்கும். விசில் அடிக்கவோ கன்னத்தை உப்பவோ சிரமமாகும். மூன்று விரல் நுழைந்த வாயில் மாதங்கள் போகப் போக இரண்டு, பிறகு ஒன்றரை விரல்தான் நுழையும். வலி பெரிதாக இல்லாததால் யாரும் கவலைப்படுவதில்லை. சிலருக்கு இதுவே பின்னாளில் வாய்ப் புற்றுநோயாக மாறுகிறது. இறுகிய சதை பழையபடி ஆவது கடினம், ஆனால் பாக்கை நிறுத்தினால் மேலும் இறுகுவதைத் தடுக்க வாய்ப்புண்டு. இதற்கு ஒத்தடமும் சூப்பும் பதில் இல்லை, பல் மருத்துவர் வாய்க்குள் பார்த்தே ஆக வேண்டும்.

எப்போது உடனே கிளம்ப வேண்டும்?

ஆகாய கங்கைக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள். இறங்கும்போது தெரியாது, ஏறும்போது தாடை வலித்து, உட்கார்ந்தால் வலி நின்றுவிட்டது என்றால் அது தாடை மூட்டு அல்ல, இதயமாக இருக்கலாம். நெஞ்சு அழுத்தம், வியர்வை, மூச்சு வாங்குதல், இடது கை வலி கூடவே இருந்தால் 108-க்கு உடனே போன் செய்ய வேண்டும்.

முள்ளோ, மண்வெட்டியோ, துருப்பிடித்த கம்பியோ குத்திச் சில நாள் கழித்து தாடை இறுகினால் டெட்டனஸ் எனும் ரண ஜன்னியாக இருக்கலாம். இது உயிர் போகிற விஷயம், ஒரு மணி நேரம் கூடத் தாமதிக்கக் கூடாது. காயம் பட்ட அன்றே ஊசி போட்டுக்கொண்டால் இந்த நிலைக்கே போகாது.

கொட்டாவி விட்டு வாய் திறந்தபடியே மாட்டிக்கொண்டால் மூட்டு குழியை விட்டு இறங்கிவிட்டது என்று பொருள். சுளுக்கு எடுப்பவரிடம் போவதோ, கன்னத்தில் தட்டி மூடப் பார்ப்பதோ எலும்பை உடைக்கலாம். மருத்துவர் கட்டை விரலால் கீழ்க்கடவாய்ப்பற்களை அழுத்திப் பின்னால் தள்ளி உட்கார வைப்பார். சீக்கிரம் போனால் சில நிமிட வேலை. தாமதித்தால் தசை இறுகி மயக்க மருந்து வரை போகும்.

காய்ச்சலோடு தாடை வீங்கி வாய் திறக்கவில்லை என்றால் ஞானப்பல்லில் சீழ் வைத்திருக்கலாம். விழுங்க முடியாமல் எச்சில் வழிந்தாலோ, மூச்சுக்குச் சிரமப்பட்டாலோ காத்திருக்க நேரமில்லை. குழந்தைகளுக்குக் காதுக்குக் கீழே வீங்கினால் அது பெரும்பாலும் பொன்னுக்கு வீங்கி அம்மை. 50 வயதுக்கு மேல் மெல்லும்போது தாடை வலி, கூடவே புதிதாகப் பொட்டில் தலைவலி, பார்வை மங்கல் என்றால் ரத்தக்குழாய் அழற்சியாக இருக்கலாம். விட்டால் கண் பார்வையே போய்விடும் என்பதால் அன்றைக்கே பார்க்க வேண்டும்.

இவை எதுவும் இல்லாத சாதாரண வலி என்றால் மூன்று நான்கு வாரம் வீட்டுக் கவனிப்பைச் செய்து பார்க்கலாம். அதற்கும் அடங்கவில்லை என்றால் முதலில் செம்மேடு அரசு மருத்துவமனை. அங்கிருந்து அனுப்பினால் 2022 ஜனவரியில் திறக்கப்பட்ட நாமக்கல் அரசு மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனைக்குப் போகலாம். சந்தேகம் கேட்க மட்டும் என்றால் 104 எண்ணுக்கு போன் செய்தால் போதும். கிளம்பும் முன் மூன்று விரல் சோதனையைச் செய்து, எத்தனை விரல் நுழைந்தது, எந்தப் பக்கம் வலி, எத்தனை நாளாக, பாக்குப் பழக்கம் உண்டா என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதி எடுத்துப் போனால் மருத்துவருக்கு அதுவே பாதி வேலை.